பெற்றோல் இருந்தும் ஓடாத எஞ்சின்

ஜேர்மனியின் ஹாம் நகரத்தில் மாரி தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் விடிய ஆறு மணிக்கே ஒரு சத்தம் கேட்கும். கார்க் கண்ணாடியில் உறைந்துபோன ஐஸைச் சுரண்டுகிற சத்தம். 'கிறீச், கிறீச்' என்று முதலில் பக்கத்து வீட்டு வாசலில், பிறகு எதிர்வீட்டில், பிறகு தெருமுனையில். கையுறையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஆணும் பெண்ணுமாக நின்று சுரண்டுவார்கள். ஒரு காரிலும் எஞ்சின் ஓடாது. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், விளக்குகள், கூரையில் ஸ்நோ இருந்தால் அதையும் தள்ளி, எல்லாம் முடித்து உள்ளே ஏறி, பெல்ட்டும் போட்ட பிறகுதான் திறப்பைத் திருப்புவார்கள். திருப்பின கையோடு கார் புறப்பட்டுவிடும்.

கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது பெரிய புதினம். இங்கே வந்து எத்தனையோ மாரியைக் கண்டாயிற்று. என்றாலும் இன்றைக்கும் யன்னலால் பார்த்துச் சிரிப்பு வரும். நமக்குப் பிடித்த ஒரு பெரியவரின் பிடிவாதத்தைப் பார்க்கிறபோது வருமே, அந்த மாதிரியான சிரிப்பு. மைனஸ் ஆறு பாகைக் குளிர். காருக்குள்ளே சூடாக்கி இருக்கிறது. தாங்கி நிறையப் பெற்றோல் இருக்கிறது. ஒரு திறப்பைத் திருப்பிவிட்டு வீட்டுக்குள் போய்க் கோப்பி குடித்தால் ஐஸ் தானாக உருகிவிடும். ஆனால் செய்யமாட்டார்கள்.

அம்மா ஒருமுறை விசிட் விசாவில் வந்து ஒரு மாரிகாலம் எங்களோடு நின்றா. வந்த முதல் கிழமையே இந்தக் காட்சியைக் கண்டுவிட்டா. பக்கத்து வீட்டுக்காரர் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"தம்பி, இஞ்சை வா. பாவமடா அந்த மனுசன். காரிலை பெற்றோல் முடிஞ்சுபோச்சுப் போலை. ஸ்டார்ட் எடுக்காமல் குளிருக்கை நிண்டு சுரண்டுறார். எங்கடை காரிலை இருந்து குழாய் போட்டு இழுத்துக் கொஞ்சம் குடுவன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவுக்கு ஏன் சிரிக்கிறேன் என்று விளங்கவில்லை. வன்னியில் 90களில் வாழ்ந்த ஒருவருக்கு, ஓடாமல் நிற்கிற வாகனம் என்றால் எண்ணெய் இல்லாத வாகனம். வேறு காரணம் இருக்கமுடியாது.

"அம்மா, அவற்றை காரிலை நிறையப் பெற்றோல் இருக்கு. சும்மா நிக்கிற கார் ஓடினால் புகை வரும், காத்துக் கெட்டுப்போம் எண்டுதான் நிப்பாட்டி வைச்சிருக்கிறார். சட்டமும் அப்பிடித்தான்."

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றா. "பெற்றோல் இருந்துமோ?" என்று மட்டும் கேட்டா. இந்தப் பதிவை எழுதவைத்தது அந்தக் கேள்விதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜேர்மனியின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் 30ஆம் பிரிவு, வாகனத்தின் எஞ்சினைத் தேவையில்லாமல் ஓடவிடக்கூடாது என்கிறது. 2021 நவம்பரில் தண்டப்பணங்களை உயர்த்தியபோது இதற்கான தண்டமும் 80 யூரோ வரை ஏறிவிட்டது. அதே நேரம், கண்ணாடியில் முகம் அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிவிட்டு அதற்குள்ளால் எட்டிப் பார்த்து ஓட்டுகிறவருக்கும் 10 யூரோ தண்டம் உண்டு. ஆகவே சுரண்டத்தான் வேண்டும், முழுதாகச் சுரண்டவேண்டும், எஞ்சினை நிறுத்திவைத்துக்கொண்டு சுரண்டவேண்டும்.

ஆனால் பொலிஸ் எல்லா வாசலிலும் நிற்பதில்லை. விடிய ஆறு மணிக்கு எங்கள் தெருவில் ஒரு பொலிஸ்காரரையும் நான் கண்டதில்லை. தண்டத்துக்குப் பயந்து மட்டும் இவர்கள் இப்படிச் செய்யவில்லை. ஒருவர் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு நின்றால் நடந்து போகிற கிழவி நின்று சொல்லிவிட்டுப் போவா. எஞ்சினை நிறுத்துவது அவர்களுக்குள் ஊறிப்போன பழக்கம். சாரதிப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்: கியரை நேரத்தோடு மாற்று, தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டால் காலை எடுத்து விடு, கொஞ்சம் கூட நேரம் நிற்கவேண்டி வந்தால் எஞ்சினை நிறுத்து.

இதில் இயந்திர நியாயமும் இருக்கிறது. குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் மிக மெதுவாகத்தான் சூடேறும். அந்த நேரம் முழுக்க எரிபொருள் கூடுதலாக உள்ளே போகும். ஒரு பங்கு சரியாக எரியாமல் சிலிண்டர்ச் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு போகும். தேய்மானம் அங்கேதான். புகையைச் சுத்தமாக்கவென்று குழாயில் பூட்டியிருக்கிற வினையூக்கி ஏறத்தாழ 300 பாகை சூடானால்தான் வேலை செய்யும். நின்ற இடத்தில் ஓடுகிற காரில் அது அவ்வளவு சூட்டை எட்ட நெடுநேரம் எடுக்கும். மெதுவாக ஓட்டத் தொடங்கினால் எல்லாமே விரைவில் சூடாகிவிடும். "காரைச் சூடாக்கிப்போட்டுத்தான் எடுக்கவேணும்" என்று எங்கள் ஊரில் பழைய சாரதிமார் சொல்வது கார்பரேற்றர் காலத்துக்கு ஓரளவு சரி. இன்றைய எஞ்சினுக்கு அது தேவையில்லை.

அம்மாவுக்கு அடுத்த புதினம் ரயர். ஒக்டோபரில் இருந்து ஈஸ்டர் வரைக்கும் மாரி ரயர், மிச்சக் காலத்துக்குக் கோடை ரயர். ஐஸும் ஸ்நோவும் கிடக்கிற வீதியில் மாரி ரயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று 2010 டிசம்பரில் சட்டத்தை இறுக்கினார்கள். 2024 ஒக்டோபரில் இருந்து மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்த அடையாளம் உள்ள ரயர் மட்டும்தான் மாரி ரயராகச் செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் கழற்றிய நான்கு ரயரிலும் சோக்கால் எழுதி வைப்பார்: இது முன் இடது, இது பின் வலது என்று. நிலக்கீழ் அறையில் வரிசையாக அடுக்குவார். காற்று அளந்து, தவாளிப்பின் ஆழம் அளந்து பார்ப்பார். "செருப்பு மாத்துற மாதிரியெல்லே மாத்துறார்" என்றா அம்மா. ஈஸ்டருக்குப் பிறகும் மாரி ரயரோடு ஓடினால் என்ன என்று நான் ஒருமுறை அவரிடம் கேட்டேன். மென்மையான றப்பர் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும், எரிபொருளும் கூடச் செலவாகும், தேய்கிற றப்பர் தூளாகி மண்ணுக்கும் தண்ணிக்கும்தானே போகிறது என்றார். பனிச்சறுக்குக்குப் போய்வந்தால் கூரையில் பூட்டிய பெட்டியை அன்றைக்கே கழற்றிவிடுவார். காற்றைக் கிழிக்க எஞ்சின் வீணாகப் பாடுபடக்கூடாதாம்.

பிறகு உப்பு. மாநகரசபை லொறி இரவில் வந்து பெருந்தெருவில் உப்புத் தூவிவிட்டுப் போகும். அதைக் கண்ட அன்று அம்மா உண்மையாகவே மனம் நொந்துவிட்டா.

"உப்பை ரோட்டிலை கொட்டுறாங்களே! எங்கடை ஆனையிறவு உப்பளம் எத்தினை வருசம் மூடிக் கிடந்தது. ஒரு பிடி உப்புக்கு நாங்கள் பட்ட பாடு…"

ஆனையிறவு எங்கள் கிளிநொச்சி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. போரால் அந்த உப்பளம் நெடுங்காலம் செத்துக் கிடந்தது. 2025இல்தான் அங்கே அரச உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அம்மாவின் கவலை எனக்கு விளங்கியது. ஆனால் அந்த உப்பு விஷயத்திலும் இவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். பெருந்தெருவில் உயிராபத்து என்பதால் நகரசபை தூவும். வீட்டுக்கு முன்னால் நடைபாதையைச் சுத்தமாக்குவது வீட்டுக்காரரின் கடமை. ஆனால் பல நகரங்களில் அவர் அதற்கு உப்புப் போடக்கூடாது. ஸ்நோவைத் தள்ளிவிட்டு மணலோ சிறுகல்லோதான் தூவவேண்டும். ஐஸ் கரைகிறபோது உப்பும் மண்ணுக்குள் இறங்கித் தெருமரங்களின் வேரைக் கருக்கும், நாய்களின் பாதத்தைப் புண்ணாக்கும். உப்பில்லாத தூவல் பைகளில் 'நீல தேவதை' என்ற சுற்றுச்சூழல் முத்திரை இருக்கும். கடையில் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அம்மாவின் கேள்வி உங்களுக்குப் புரியாது. எங்களுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியவும் வராது.

1990 யூனில் போர் திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றி, சீமெந்து, பசளை என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து வரும், அதுவும் வராமல் போகும். மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்து எரித்த விளக்கில்தான் எங்கள் தலைமுறை படித்தது. பற்றி இல்லாத வானொலிக்குச் சைக்கிளைத் தலைகீழாக வைத்து டைனமோவைச் சுற்றி மின்சாரம் எடுத்தோம். செய்தி முடியும்வரை ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும்.

மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. அப்பாவிடம் ஒரு எம்.டி. 90 இருந்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. பெற்றோல் போல ஆவியாகி எழாது. அதனால் முதலில் சில துளி பெற்றோல் கார்பரேற்றருக்குள் போகவேண்டும். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் தொங்கும். அதில் இருந்து ஒரு சேலைன் குழாய். அந்தச் சில துளியில் எஞ்சின் உயிர் பெற்றுச் சூடானதும் மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்பிவிடவேண்டும். வெள்ளைப் புகை கிளம்பும். கண் எரியும். பின்னால் இருந்து போகிற பிள்ளையின் சீருடை முழுக்க மண்ணெண்ணெய் மணக்கும். பிளக்கில் கரி பிடித்து வழியில் நின்றுவிட்டால் கழற்றி மணல்பேப்பரால் தேய்த்துத் திரும்பப் பூட்டவேண்டும். மணல்பேப்பர்த் துண்டு இல்லாத சட்டைப்பை அந்த நாளில் இல்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்கும் இதே கதிதான்.

வன்னியில் அந்தக் காலத்தில் ஒரு எஞ்சினும் சும்மா ஓடாது. உருத்திரபுரத்தில் எங்கள் வளவுக்குள் இருந்து படலை வரைக்கும் அப்பா மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார். படலையில் ஏறி அமர்ந்து, குழாயைத் தட்டி, ஒரே உதையில் ஸ்டார்ட் எடுக்கவேண்டும். இரண்டாவது உதை என்றால் இன்னும் இரண்டு துளி வீண். கரடிப்போக்குச் சந்திக்குப் போவதென்றால் மருந்து, அரிசி, பள்ளிக்கூடக் கொப்பி, பக்கத்து வீட்டுக் கடிதம் எல்லாம் அந்த ஒரு பயணத்துக்குள். வழியில் தெரிந்தவர் மறித்தால் முதலில் எஞ்சின் நிற்கும், பிறகுதான் "என்ன மாதிரி?" என்ற கதை தொடங்கும். மிச்ச எல்லாப் பயணமும் சைக்கிளில்தான். நெல்மூட்டை, விறகு, நோயாளி, சில வேளை பிரேதம் கூடச் சைக்கிளில் போயிற்று. கிழிந்த ரயரை நைலோன் நூலால் தைத்தோம். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி படையினரிடம் போனபோது சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் நடந்ததும் அந்தச் சைக்கிள்களை உருட்டிக்கொண்டுதான்.

2002இல் ஏ9 பாதை திறந்தது. பெற்றோல் செற்றுகளில் பெற்றோல் வந்தது. அந்த முதல் மாதங்களில் ஆட்கள் போகவேண்டிய இடம் இல்லாமலே ஓடித் திரிந்தார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பன்னிரண்டு வருடம் துளியாக எண்ணிய கைக்கு ஒரு முழுத் தாங்கி கிடைத்த மகிழ்ச்சி அது. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு, எஞ்சினை நிறுத்துகிற கையும் எங்களிடம் இருந்து போய்விட்டது. பிறகு 2006 ஓகஸ்ற்றில் பாதை மூடியது, 2009 வந்தது. அந்த ஆண்டுகளை இந்தப் பதிவுக்குள் அடக்கமுடியாது.

அம்மா இந்தக் கதைகளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்ன ஒரு பின்னேரம் எனக்கு மறக்காது. அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வந்திருந்தார்கள். நான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதை அவரை உலுக்கிவிட்டது. எஞ்சின் உடையாமல் எப்படித் தாக்குப் பிடித்தது, வால்வில் கரி பிடிக்கவில்லையா, ஒயில் எத்தனை நாளுக்கு ஒருதரம் மாற்றினீர்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. அம்மா சளைக்கவில்லை. "ஒயில் எங்கை மாத்திறது? துணியிலை வடிச்சுத் திரும்ப விட்டம் எண்டு சொல்லு" என்றா. அவர் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டு, அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தபோது மேற்கு ஜேர்மனி ஆடிப்போயிற்று. அந்த நவம்பரில் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். நவம்பர் 25 தொடங்கி டிசம்பர் 16 வரை வந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை. வைத்தியர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. ஓட்டோபான் அதிவேகப் பாதையில் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்றும் சில மாதம் கட்டுப்பாடு இருந்தது. அப்போது அவருக்கு எட்டு வயது. தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டோபானின் நடுவில் நடந்து போனாராம். சைக்கிளில் வந்தார்கள், குதிரை வண்டியில் வந்தார்கள், சில்லுச் சப்பாத்துப் போட்டுச் சறுக்கிக்கொண்டும் வந்தார்கள். கார் இல்லாத ஓட்டோபானின் அமைதி தனக்கு இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது என்றார். அவரின் தகப்பன் அதற்குப் பிறகு சாகும்வரை ரயில்கடவையில் எஞ்சினை நிறுத்தாமல் நின்றதில்லையாம்.

அம்மா மெதுவாகச் சொன்னா: "அப்ப இவையும் ஒருக்கால் தட்டுப்பாட்டைக் கண்டவைதான்."

எனக்கு அந்த நேரம்தான் விஷயம் பிடிபட்டது. ஜேர்மனி கண்டது நான்கு ஞாயிறு. நாங்கள் கண்டது பன்னிரண்டு வருடம். அந்த நான்கு ஞாயிற்றின் அதிர்ச்சியை அவர்கள் வீணாக்கவில்லை. அதற்கு மேல் 80களில் அமிலமழையால் காடுகள் சாகின்றன என்ற பயமும் வந்து சேர்ந்தது. ஈயம் இல்லாத பெற்றோலும் வினையூக்கியும் வந்தன. 2008 ஜனவரி முதலாம் திகதி பெர்லின், கேர்ல்ன், ஹனோவர் நகரங்களில் சுற்றுச்சூழல் வலயம் வந்தது. கண்ணாடியில் உரிய நிறத்து ஒட்டி இல்லாத கார் அந்த வலயத்துக்குள் நுழையமுடியாமல் போயிற்று. பட்டறிவைச் சட்டமாக்கினார்கள், சட்டத்தைப் பயிற்சியாக்கினார்கள், பயிற்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நாங்களோ அவர்களைவிட நூறு மடங்கு கெட்டிக்காரத்தனமாகச் சிக்கனம் செய்தோம், ஆனால் அதை வறுமையின் அடையாளமாக நினைத்து, கஷ்டம் தீர்ந்த அன்றே கழற்றி எறிந்துவிட்டோம்.

ஜேர்மனியை நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. இதே நாட்டில்தான் ஓட்டோபானின் பெரும்பகுதியில் வேகக் கட்டுப்பாடே இல்லை. 1978 முதல் 130 என்பது வெறும் பரிந்துரை. விடிய ஐஸைக் கையால் சுரண்டி மிச்சம் பிடித்ததை மத்தியானம் 180இல் பறந்து கரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது தவறு என்று அவர்களின் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். 2015இல் வொல்க்ஸ்வாகன் டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது அமெரிக்காவில் பிடிபட்டு, உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வாகனங்கள் அதில் சிக்கின. அந்தக் கார்களை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் சுத்தமான கார் என்று நம்பித்தான் வாங்கினார்கள். பெரிய கம்பனி செய்த குற்றம் அது. தெருவில் நின்று சுரண்டுகிற அந்த மனுசரின் நேர்மையை அது குறைத்துவிடாது. நான் மதிக்கிறது அந்த நேர்மையைத்தான்.

2022இல் இலங்கை முழுக்கவே தட்டுப்பாட்டைக் கண்டது. யூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. கிளிநொச்சியில் இருந்து தங்கச்சி எடுத்துச் சொல்லுவாள், ஏ9 ஓரமாக வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. பிறகு கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடக்கத்தில் அளந்தார்கள். தெற்கில் சனம் பதறியபோது எங்கள் ஆட்கள் பதறவில்லை. பழைய சைக்கிளை எடுத்து எண்ணெய் விட்டார்கள். "எங்களுக்கு இது புதிசோ அண்ணா?" என்று தங்கச்சி சிரித்தாள். 2023 செப்டெம்பரில் கியூஆர் முறை நின்றது. பழக்கமும் அதோடு நின்றுவிட்டது.

கிளிநொச்சிக்கு நான் போகிறபோதெல்லாம் இதைப் பார்க்கிறேன். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, திரும்பி வரும்வரை வெளியே வான்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. ஏசி நிற்கக்கூடாதாம். பஸ் நிலையத்தில் ஆட்கள் நிறையும்வரை மினிபஸ்கள் அப்படியே ஓடுகின்றன. புகை அந்தப் பஸ்ஸுக்குள் ஏறப்போகிறவர்களின் மூக்குக்கே போகிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நிற்கிற வான்களின் புகைக்குழாய் சரியாகச் சின்னப் பிள்ளைகளின் முகமட்டத்தில் இருக்கிறது. ரயில்கடவையில் கதவு விழுந்த பிறகும் ஒருவரும் திறப்பில் கை வைப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நின்ற இடத்தில் ஓடுகிற கார் மணிக்கு அரை லீற்றரில் இருந்து ஒரு லீற்றர் வரை குடிக்கும். ஏசி போட்டால் மேல்பக்கம்தான். ஒரு பள்ளிக்கூட வான் ஏசியோடு நாளுக்கு அரை மணித்தியாலம் வாசலில் ஓடிக்கொண்டு நின்றால், மணிக்கு ஒரு லீற்றர் என்று வைத்து, 20 பள்ளிநாளில் 10 லீற்றர். கியூஆர் காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரருக்கு இரண்டு கிழமைக்குக் கிடைத்ததைவிட அது கூட. ஒரு அடி தூரமும் ஓடாமல் எரிகிற எண்ணெய். அந்த எண்ணெயில் ஒவ்வொரு துளியும் நாடு டொலர் கொடுத்து இறக்கியது.

சாரதிமாரிடம் கேட்டால் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "நிப்பாட்டி ஸ்டார்ட் எடுத்தால்தான் கூடச் செலவு." இது சரியில்லை. சூடான எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் எடுக்கச் செலவாகிற எரிபொருள், சில விநாடிகள் சும்மா ஓடுவதற்குச் சமம், அவ்வளவுதான். இருபது விநாடிக்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்றால் நிறுத்துவதுதான் இலாபம். பற்றி பழசு, ஸ்டார்ட்டர் நம்பிக்கை இல்லை என்று சொல்கிறவர்களின் கஷ்டத்தை ஒத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். மிச்சப் பேருக்கு அந்தச் சாட்டு இல்லை. வெயில் 35 பாகை, ஏசி இல்லாமல் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். மர நிழலில் நிறுத்தி நான்கு யன்னலையும் திறவுங்கள். மைனஸ் ஆறு பாகையில் எஞ்சின் இல்லாமல் நின்று கண்ணாடி சுரண்டுகிற அறுபது வயது மனுசரை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் வெயில் அதைவிடக் கொடுமை இல்லை.

அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கிற தம்பி தங்கைமார் ஒரு மத்தியானம் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்று எத்தனை வாகனம், எத்தனை நிமிடம் சும்மா ஓடுகிறது என்று எண்ணி, எரிந்த எண்ணெய்க்கு ரூபாக் கணக்குப் போட்டு ஊருக்குச் சொல்லவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதிபர்மார் வாசலில் ஒரு பலகை வைத்தால் போதும். எங்கள் சனம் பலகையை மதிக்கும். மினிபஸ் சங்கங்கள் தங்களுக்குள் ஒரு முடிவு எடுத்தால் அதைவிட நல்லது. இதற்குப் பாராளுமன்றச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் தகப்பன்மார் படலை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் எடுத்தவர்கள். அது இல்லாமையால் வந்த பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையில் இருக்கிறபோதும் அதே பழக்கத்தை வைத்திருக்கமுடியும் என்று என் பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு மாரியிலும் செய்து காட்டுகிறார். அடுத்தமுறை முறிகண்டியில் இறங்கும்போது, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கும்போது, ரயில் வரும்வரை கடவையில் நிற்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள். பக்கத்தில் நிற்கிற சாரதியிடமும் ஒரு சொல் சொல்லுங்கள்.